ஜபல் அக்தரில் இருந்து இறங்கிய பின் சிமிட்டும் ஃபோர்வீல் விளக்கு: ஆக்சுவேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

10 நவம்பர் 2024, காலை

ஓமானின் நிஸ்வாவில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் கேள்வி. அவர் எழுதியதை அப்படியே வைக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: 2எச் என்றால் விசை பின் சக்கரங்களுக்கு மட்டும், 4எச் என்றால் நான்குக்கும்; அந்த விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ், இணைப்பை மாற்றும் சிறு மோட்டார்தான் ஆக்சுவேட்டர்.

"என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேபின் டீசல் வண்டி. லீவர் கிடையாது, டாஷ்போர்டில் திருகும் சுவிட்ச்தான். போன வாரம் குடும்பத்தோடு ஜபல் அக்தர் மலைக்குச் சென்றோம். பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில் போலீஸார் ஃபோர்வீல் வண்டியா என்று பார்த்த பிறகே மேலே விடுகிறார்கள் என்பதால், அங்கேயே 4எச் போட்டுக்கொண்டு ஏறினேன், இறங்கும்போதும் எடுக்கவில்லை. கீழே வந்து 2எச்சில் வைத்தால் ஃபோர்வீல் விளக்கு அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. சனையா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆக்சுவேட்டர் போய்விட்டது என்றார்கள். ஸ்கிராப்பில் எடுத்த பழைய பொருளுக்கே என் மாதச் சம்பளத்தில் பாதி கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?"

10 நவம்பர், மதியம்

மாற்ற வேண்டாம். இன்றைக்காவது வேண்டாம்.

மஸ்கட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இந்தக் கதையின் முதல் பாதியை மாதம் தவறாமல் யாராவது ஒருவர் வந்து சொல்வதுண்டு. திருகு சுவிட்ச் உள்ள வண்டியில் நீங்கள் செய்வது கட்டளை கொடுப்பது மட்டுமே. அதை வாங்கிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் மோட்டாரையும் முன் டிஃபரென்ஷியலில் (விசையை இரு பக்கமும் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் இன்னொரு சிறிய மோட்டாரையும் இயக்கிவிட்டு, இரண்டும் உரிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்தன என்று உள்ளே இருக்கும் லிமிட் சுவிட்சுகள் தெரிவிக்கும் வரை விளக்கைச் சிமிட்ட வைக்கிறது. ஆகவே, சிமிட்டும் விளக்குக்குப் பொருள், கேட்ட மாற்றம் இன்னும் முடியவில்லை என்பதுதான். ஏன் முடியவில்லை என்பதை அது சொல்வதில்லை. மோட்டார் கெட்டிருக்கலாம், மோட்டார் நன்றாக இருந்தும் அசைக்க முடியாத இறுக்கத்தில் உள்ளே பற்கள் சிக்கியிருக்கலாம்.

உங்கள் வண்டியில் இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஹைலக்ஸின் அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. 4எச்சில், அச்சுகளுக்கு விசை கொண்டு போகும் நீண்ட தண்டுகளான இரண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. மணலிலும் சரளையிலும் அந்த வேறுபாடு சக்கரம் சற்று வழுக்குவதில் தீர்ந்துவிடும். ஜபல் அக்தர் பாதையோ நல்ல தார்ச்சாலை, அதிலும் கொண்டை ஊசி வளைவுகள். வழுக்க இடமில்லாத வேறுபாடு முழுவதும் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறி நிற்கிறது. அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே இணைக்கும் ஸ்லீவைப் பற்களோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும்போது, அந்தச் சின்ன மோட்டாரால் அதை இழுக்க முடியாது.

சுவிட்சை 2எச்சில் வைத்து, வெறிச்சோடிய நேரான இடத்தில் ஸ்டியரிங்கைத் துளியும் திருப்பாமல் மெதுவாகச் செல்லுங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி விடுங்கள், மறுபடியும் அழுத்தி விடுங்கள். அதற்கும் விளக்கு அணையவில்லை என்றால் நேராகப் பின்னோக்கிச் சில மீட்டர் எடுங்கள். இது என் சொந்த வைத்தியம் அல்ல; டொயோட்டாவின் கையேடும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. சரளை மண் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலே செல்ல வண்டி ஃபோர்வீலாக இருக்க வேண்டும் என்பதுதான் போலீஸாரின் விதி. தார்ச்சாலையில் 4எச் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இறங்கும்போது என்ஜின் பிரேக்குக்காக முதலாவது, இரண்டாவது கியரில் வாருங்கள் என்பதுதான் அறிவுரை.

10 நவம்பர், இரவு

நண்பர் பின்னோக்கி எடுத்தாராம். "டக்" என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. சத்தம் கேட்டுப் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டிய சத்தம் அல்ல. ஏறியிருந்த முறுக்கு இறங்கிய சத்தம்.

12 நவம்பர்

இரண்டு பேர் ஒரே மறுப்பை எழுதியிருக்கிறார்கள்: தங்கள் வண்டியில் 4எச் போட்டுத் தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியும் எதுவும் ஆகவில்லை என்று. அதில் ஒருவர் மிட்சுபிஷி எல்200 வைத்திருக்கிறார். அவருடையது சூப்பர் செலக்ட் அமைப்பு என்றால் அவர் சொல்வது சரி: அதில் நடு டிஃபரென்ஷியல் இருக்கிறது, 4எச்சில் தார்ச்சாலையிலும் போகலாம், நடுப் பூட்டு விழும் நிலையில்தான் போகக் கூடாது. ஆனால் எல்200 என்று பெயர் போட்ட எல்லா வண்டியிலும் சூப்பர் செலக்ட் வருவதில்லை. ஈசி செலக்ட் என்ற இன்னொரு வகை உண்டு, அது ஹைலக்ஸைப் போலத்தான்.

மற்றவர் வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. நேரான நெடுஞ்சாலையில் வளைவு குறைவு என்பதால் முறுக்கு மெதுவாகத்தான் ஏறும். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் போட்டுப் பார்க்கட்டும். வண்டி தானாகப் பிரேக் பிடித்ததைப் போல இழுத்து இழுத்து நிற்கும்.

15 நவம்பர்

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். வார இறுதியில் பிதியாவுக்குச் சென்று மணலில் இறக்கியிருக்கிறார். 4எச் திருப்பினால் விளக்கு சிமிட்டுகிறது, நிலையாக நிற்கவில்லை. பின் சக்கரங்கள் மட்டும் குழி பறித்துக்கொண்டு சுழன்றன, முன் சக்கரங்கள் சும்மா இருந்தன. வேறு வண்டி கயிறு கட்டி இழுத்திருக்கிறது. "நீங்கள் மாற்ற வேண்டாம் என்றீர்களே" என்று கேட்கிறார்.

இன்னும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் இது வேறு விஷயம். முதலில் நடந்தது இணைந்ததைப் பிரிக்க முடியாத நிலை. இப்போது நடப்பது பிரிந்திருப்பதை இணைக்க முடியாத நிலை. மணலில் முறுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே விளக்கு, ஒரே சிமிட்டல், காரணம் இரண்டு.

மூன்று விவரங்கள் தேவை. நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒரே தேய்மானமும் உடையவையா? வேறு எந்த விளக்காவது, குறிப்பாக ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) விளக்கு, கூடவே எரிகிறதா? 4எச் திருப்பிய உடனே, என்ஜின் அணைந்து சாவி மட்டும் போட்ட அமைதியில், வண்டிக்கு அடியில் மோட்டார் ஓடும் சத்தம் எத்தனை இடத்தில் இருந்து கேட்கிறது?

15 நவம்பர், சற்றுப் பிறகு

ஏபிஎஸ் விளக்கை ஏன் கேட்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேகம் எவ்வளவு என்று தெரியாமல் கட்டுப்பாட்டுப் பெட்டி இணைப்புக்கு ஒப்புவதில்லை. ஒரு சக்கரத்தின் வேக சென்சார் வயர் அறுந்தாலும் ஏபிஎஸ், விஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் வசதி), ஃபோர்வீல் என்று மூன்றும் சேர்ந்து எரியக்கூடிய வண்டிகள் உண்டு. அப்படி ஒரு கூட்டமாக வந்தால் ஃபோர்வீல் பக்கமே போகாமல் முதலில் ஏபிஎஸ்ஸைச் சரிசெய்ய வேண்டும். பாதி நேரம் மற்ற இரண்டும் தாமாக அடங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான கலவரமும் உண்டு. 4எல்லில் (நான்கு சக்கரமும் குறைந்த வேக கியரும் சேர்ந்த நிலை) வைத்ததும் விஎஸ்சி ஆஃப் விளக்கு எரிகிறது, பின் டிஃபரென்ஷியல் பூட்டைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று பதறிப்போய் வருகிறவர்கள். அது பழுது அல்ல. அந்த நிலைகளில் அந்த வசதிகளை வண்டியே நிறுத்தி வைக்கிறது, நிறுத்தியிருப்பதை விளக்கு போட்டுச் சொல்கிறது. கையேட்டில் இருக்கிறது. கையேடு கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது.

16 நவம்பர்

பதில் வந்தது. ஏபிஎஸ் விளக்கு இல்லை. சத்தம் ஒரே இடத்தில் இருந்துதான், இருக்கைக்குக் கீழே நடுவில் கேட்கிறது. முன்பக்கத்தில் ஒன்றும் இல்லை. டயர்களைப் பொறுத்தவரை, முன்னால் இரண்டு புதியவை, பின்னால் இரண்டு பழையவை, "அளவு எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்.

சத்தம் சொல்வது தெளிவு. நடுவில் கேட்பது டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார். அது வேலை செய்கிறது. எந்தப் பொருளை மாற்றச் சொன்னார்களோ அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாய் திறக்காதது முன் டிஃபரென்ஷியலில் இருப்பது. டொயோட்டா இதை ஏடிடி என்று அழைக்கிறது: 2எச்சில் முன் அச்சின் ஒரு பக்கத்தைத் துண்டித்து வைத்து, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 4எச்சில் இது இணையாவிட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்னால் அனுப்பும் விசை முழுவதும் துண்டித்த பக்கத்தின் வழியாக வெறுமனே சுழன்று வீணாகும். டிஃபரென்ஷியலின் குணமே அதுதான், எதிர்ப்பு இல்லாத பக்கத்திற்கு ஓடுவது. முன் சக்கரங்கள் சும்மா இருந்தது அதனால்தான்.

அப்படியானால் ஸ்கேனர் ஏன் டிரான்ஸ்ஃபர் கேஸைக் காட்டியது? ஸ்கேனரில் வருவது எந்தச் சுற்றில் எதிர்பார்த்த பதில் வரவில்லை என்ற எண் மட்டுமே. விலை குறைந்த ஸ்கேனர்கள் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு வரியை அதற்குப் பக்கத்தில் எழுதிவிடுகின்றன. அன்று முறுக்கில் மாட்டியிருந்தபோது பதிவான பழைய எண்ணாகவும் இருக்கலாம். எண்ணை அழித்துவிட்டு, ஒரு முறை 4எச் திருப்பிவிட்டு, மறுபடியும் படிக்காமல் எந்தப் பொருளுக்கும் பணம் எடுக்கக் கூடாது.

16 நவம்பர், டயரைப் பற்றித் தனியாக

பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு ஒன்றாக இருப்பது போதாது. 265/65 ஆர்17 டயரை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், சுற்றளவு 2439 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைந்து, சுற்றளவு 2401க்கு வருகிறது. புதியது ஒரு கிலோமீட்டருக்கு 410 சுற்று, தேய்ந்தது 416க்கும் மேல். முன்னால் புதியது, பின்னால் தேய்ந்தது என்றால், நேர்சாலையிலேயே ஒரு கிலோமீட்டருக்கு ஆறு சுற்று முறுக்கு ஏறிக்கொண்டே வரும். வளைவில் ஏறும் முறுக்கு இதற்கு எதிர்த்திசை என்பதால், ஜபல் அக்தரில் எது எவ்வளவு செய்தது என்று சொல்ல முடியாது.

17 நவம்பர்

மேலே உள்ள கணக்கைப் பற்றி டயர் வேலை தெரிந்த ஒருவர் எழுதியது நியாயம். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகு பெல்ட் நீளாது, சுருங்காது. அதனால் ரப்பர் தேயும் அளவுக்கு உருளும் சுற்றளவு முழுமையாகக் குறைவதில்லை. நான் கொடுத்த ஆறு சுற்று என்பது உச்ச அளவு, உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கும். காற்றழுத்த வேறுபாடும் இதில் கலக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் அளந்துவிடலாம். நான்கு டயர்களிலும் ஒரே அழுத்தம் வைத்து, தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, டயரில் போட்ட கோடு மீண்டும் அடியில் வந்து தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை டேப்பால் அளக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று தள்ளினால் பிழை குறையும். ஆள் பலம் வேண்டும். டீ வாங்கித் தர வேண்டியிருக்கும்.

19 நவம்பர்

லேண்ட் க்ரூஸர் 79 பிக்கப் வைத்திருக்கும் ஒருவர், "எங்கள் வண்டியில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, லீவரைத் தள்ளினால் விளக்கு எரியும், இழுத்தால் அணையும்" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். பெருமை நியாயம்தான். ஆனால் அந்த விளக்கு உங்களிடம் சொல்வது மிகக் குறைவு. டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் திருகிய ஒரு சாதாரண சுவிட்சில் இருந்து வருவது அது. லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. முன் சக்கரங்களின் நடுவில், அவற்றை அச்சோடு இணைக்கக் கையால் திருப்ப வேண்டிய ஹப் இரண்டும் ஃப்ரீயில் இருந்தால், விளக்கு நிலையாக எரிய எரிய வண்டி மணலில் புதையும். கடற்கரையில் படகு இழுக்கும் வண்டி ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர், உரிமையாளர், கூடி நின்றவர்கள் எல்லோரும் என்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன்தான் குனிந்து ஹப்பைத் திருப்பினான்.

20 நவம்பர்

நண்பரின் வண்டிக்குத் திரும்புவோம். இரண்டு சோதனைகள். கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை.

முதலாவது, ஏடிடி உண்மையிலேயே இணையவில்லையா என்பது. சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். சாவி போட்டு 4எச் திருப்பிவிட்டு, ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இணைந்திருந்தால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல வேண்டும். இணையவில்லை என்றால் நீங்கள் சுழற்றுவது மட்டும் சுழலும், மற்றது அசையாமல் நிற்கும். சில நேரம் பற்கள் பற்களோடு முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், முடிவு கட்டுவதற்கு முன்பு, அந்தச் சக்கரத்தை முன்னும் பின்னும் சற்று ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஏடிடி மோட்டாருக்கு மின்சாரம் போகிறதா என்பது. இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். வயருக்குள் பத்து இழைகளில் ஒன்பது அரித்துப்போய் ஒன்று மட்டும் மீதம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் வயரில் இருந்து கிட்டத்தட்ட எதையும் எடுப்பதில்லை. மோட்டார் அப்படி அல்ல. அதனால் நான் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பற்றவைத்து எப்போதும் கையில் வைத்திருக்கிறேன். ஒன்றே முக்கால் ஆம்பியர் எடுக்கும் பல்பு அது. ஆக்சுவேட்டரின் கப்ளரை (வயர் இணைப்பான்) கழற்றி, வண்டிப்பக்கக் கப்ளரில் மோட்டார் வயர்கள் இரண்டுக்கும் குறுக்கே பல்பை வைத்து, உதவிக்கு ஒருவரைச் சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கள். சில நொடிகள் முழு வெளிச்சத்தில் எரிந்து அணைந்தால் வயரிங் நலம், மோட்டாரைப் பார்க்க வேண்டும். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அரிப்பு. எரியவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று மேலே போக வேண்டும். சில நொடிகளிலேயே அணைந்துவிடும் என்பதால் பல்பில் இருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: அதே கப்ளரில் லிமிட் சுவிட்ச் வயர்களும் வருகின்றன. அவற்றின் மேல் பல்பை வைக்கக் கூடாது. அவை பெட்டியின் உள்ளே போகும் மெல்லிய சிக்னல் வயர்கள். எது எது என்று தெரியாமல் ஊகித்துக் குத்துவதைவிட வயரிங் படத்தை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

20 நவம்பர், இரவு

பேட்டரியைச் சொல்ல விட்டுப்போயிற்று என்று நினைவூட்டியவருக்கு நன்றி. இந்த வெயிலில் பேட்டரி நீண்ட நாள் தாங்குவதில்லை. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி காலி. அப்படிப் பாதி காலியான பேட்டரியில் செல்ஃப் அடித்ததும், ஃபோர்வீல் பெட்டி ஒரு நொடி மயங்கி எழுந்து விளக்கைச் சிமிட்ட விடுவது உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து பிறகு காணாமல் போகும் விளக்கு என்றால் பேட்டரியில் இருந்து தொடங்குங்கள்.

இன்னொரு தனி அடையாளம்: 4எச் நன்றாக விழுகிறது, 4எல் மட்டும் சிமிட்டுகிறது என்றால் முதலில் ஆக்சுவேட்டரைத் தொட வேண்டாம். 4எல்லுக்கு வண்டி முற்றிலும் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல், மேனுவல் என்றால் கிளச் முழுவதும் மிதித்திருக்க வேண்டும். நீங்கள் மிதித்திருந்தாலும், மிதித்ததைத் தெரிவிக்கும் கிளச் பெடல் சுவிட்ச் சொல்லாவிட்டால் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும். பெடலுக்கு மேலே குனிந்து பார்த்தால் தெரியும் சிறிய பொருள் அது.

22 நவம்பர்

அமெரிக்க வண்டி வைத்திருக்கும் சிலர் கேட்டதால் சுருக்கமாக. மேலே சொன்னதை அப்படியே அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

2004 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் முன் சக்கர ஹப்பிலேயே இணைப்பு இருக்கிறது, அதை இயக்குவது வேக்கம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்). அதில் விந்தை என்னவென்றால், வேக்கம் இருக்கும்போது ஹப் பிரிந்திருக்கும், வேக்கம் போனால் இணையும். ஆகவே ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் பழுது தெரிவது 4எச்சில் அல்ல, 2எச்சில்: வேகம் எடுக்கும்போது முன் சக்கரத்தில் இருந்து நறநறவென்ற சத்தம். ஹப் பாதி இணைந்து பாதி நழுவும் சத்தம் அது. விளக்கு எதுவும் எரியாமலும் போகலாம். விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் வீல் பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போவார்.

பழைய செவ்ரோலெட் சில்வராடோ, ஜிஎம்சி சியரா வண்டிகளில் "சர்வீஸ் ஃபோர்வீல்" என்று எழுத்தில் வந்து, ஸ்கேனரில் சி0327 என்ற எண் கிடைத்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் நிலையைச் சொல்லும் என்கோடரின் சுற்று அது. மோட்டார் முழுவதையும் வாங்கும் முன் அந்த என்கோடரையும் அதன் கப்ளரையும் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

24 நவம்பர்

நண்பர் வண்டியை மஸ்கட் கொண்டுவந்தார். முன் சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றினோம். இடது பக்கம் சுழல, வலது பக்கம் அசையவில்லை. ஏடிடி கப்ளரைக் கழற்றியதுமே காரணம் தெரிந்துவிட்டது. ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தது. முன்பு யாரோ அவசரமாகப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து, ஒரு பின் (கப்ளருக்குள் இருக்கும் உலோக முனை) பச்சைப் பொடியாகி, ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டதும் உதிர்ந்தது. பல்பு வைத்துப் பார்த்தேன். சிகரெட் நுனி அளவுக்குச் சிவந்து அடங்கியது. மீட்டரில் 11.9.

வாதிகளில் (மலை ஓடைகள்) தண்ணீர் ஓடும்போது கடப்பது அவருக்கு வழக்கம். அரிப்பு ஒரு நாளில் வந்தது அல்ல. ஜபல் அக்தர் சென்ற அன்று அந்தப் பின் இன்னும் தொட்டுக்கொண்டிருந்தது, அதனால் 4எச் விழுந்தது. பிதியா போவதற்குள் விட்டுவிட்டது.

புதிய பின்னும் புதிய வயர்த் துண்டும் சாலிடர் வைத்து, சீலை நேராக உட்கார வைத்துப் பூட்டினோம். ஆக்சுவேட்டரைத் தனியாக 12 வோல்ட் கொடுத்து இயக்கிப் பார்த்ததில் இரு திசையிலும் தயக்கமில்லாமல் ஓடியது. டிஃபரென்ஷியல் எண்ணெயையும் சிறிது வடித்துப் பார்த்தேன். சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வருவதற்கான மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் அந்த வெற்றிடத்திற்கு ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதுதான் அடையாளம். இவருடையதில் எண்ணெய் தெளிவாகவே இருந்தது.

டயர்கள் நான்கையும் ஒரே செட்டாக மாற்றும் வரை தார்ச்சாலையில் 4எச் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

26 நவம்பர்

பின்னை மாற்றியதற்குப் பதில் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதாதா என்ற கேள்விக்கு: மேலே படிந்த பழுப்பு என்றால் போதும். பச்சைப் பொடியாகிவிட்ட செம்பு என்றால் துடைக்கத் துடைக்க மெலியும். வயரின் உறையை அரை அங்குலம் உரித்துப் பாருங்கள். உள்ளே இழைகள் கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கடலோரம் படகு இழுக்கும் வண்டிகளில் கால் மீட்டர் வரை வெட்டியதுண்டு.

கப்ளருக்குள் சாதாரண கிரீஸை அப்பி அடைப்பது இங்கே ஒரு பழக்கம். அது ரப்பர் சீலை ஊதவைத்துக் கெடுக்கும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று தனியாகக் கிடைக்கிறது, சீலின் மேல் மெல்லியதாகப் பூசினால் போதுமானது.

1 டிசம்பர்

"பயன்படுத்தாமல் வைத்தால் ஃபோர்வீல் கெடுமா, பயன்படுத்தினால் கெடுமா" என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தாலும் கேள்வி நல்லது. வாங்கியதில் இருந்து ஒரு முறைகூட 4எச் திருப்பாத வண்டிகளில்தான் மோட்டார் இறுகிப்போய் அதிகம் வருகின்றன. மாதத்திற்குக் குறைந்தது 16 கிலோமீட்டராவது ஃபோர்வீலில் ஓட்டச் சொல்கின்றன டொயோட்டா கையேடுகள். முன் அச்சின் பாகங்களுக்கு எண்ணெய் ஏறுவதற்காக. அதைச் சரளைப் பாதையில் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை.

சக்கரம் சுழன்று புதைந்துகொண்டிருக்கும்போதே 4எச் திருப்புவது மட்டும் எப்போதும் தவறு. ஆக்சிலரேட்டரை விட்டு, சக்கரங்கள் நின்ற பிறகு திருப்புங்கள்.

5 டிசம்பர்

சலாலா போக இருக்கும் ஒருவர் கேட்கிறார்: 2எச்சில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, பின்னோக்கி எடுத்தும் அணையவில்லை, ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே போகலாமா?

எது பிரியவில்லை என்பதைப் பொறுத்தது. என்ஜினை அணைத்து, புகைக்குழாய் ஆறிய பிறகு, ஹேண்ட்பிரேக்கும் சக்கரக் கட்டையும் போட்டுவிட்டு, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழன்றால் இரண்டு இடமும் பிரிந்துதான் இருக்கிறது, தகவல் சொல்லும் சுவிட்சோ வயரோதான் பழுது, போய்வரலாம். சுழலவில்லை என்றால் ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு மறுபடியும் சுழற்றுங்கள். இப்போது ஷாஃப்டோடு சேர்ந்து அந்தச் சக்கரமும் சுழன்றால், முன் டிஃபரென்ஷியல்தான் இணைந்தபடி நிற்கிறது. டீசல் கொஞ்சம் கூடுதலாகும், வேறு ஆபத்து இல்லை, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் சுழலவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரியவில்லை. அந்த வண்டியை வழியில் வரும் ஹைமா வரைகூட ஓட்ட வேண்டாம்.